கூடுதலாக இரண்டு பட்டை

குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன் தென்காசி டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். காரின் பின்பாரத்தைத் தாங்கும் பட்டை வில்லில் கூடுதலாக இரண்டு இரும்புப் பட்டை செருகுவோம். பத்துப் பேரை அடைத்தாலும் கார் பின்னால் உட்காராது. எனக்கு அதில் அப்படியொரு பெருமை. ஊரில் கான்ட்ராக்டர் ஒருவரின் சின்னக் காரில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், பள்ளமே தெரியாது. ஆனால் ஐந்தருவி வளைவில் வேகமாகத் திருப்பிச் ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் விலகி ஓடும். "அது வண்டி இல்லலே, தொட்டில்!" என்று ஸ்டாண்டில் நக்கலடித்தவன் நான்.

அந்த ஆனியில், தலைப்பிரசவத்துக்கு வாசுதேவநல்லூரில் தாய்வீட்டில் இருந்த என் மனைவிக்கு எட்டாம் மாதமே உதிரம் போகிறதென்று காலையில் ஆள் வந்தது. காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பின்சீட்டில் மாமியார் மடியில் அவளைச் சாய்த்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்.

பத்துப் பேருக்குக் கட்டிய வில் இரண்டு பெண்களுக்கு வளையுமா? ஒவ்வொரு குழியிலும் அவளைத் தூக்கிப் போட்டது.

"அம்மா, இடுப்பு பிளக்கே!"

"மாப்ளே, மெதுவாப் போங்களேன். பிள்ளை துடிக்கா!"

மெதுவாகப் போனால் உதிரம் போயே செத்துவிடுவாள். வேகமாகப் போனால் குலுக்கியே கொன்றுவிடுவேன். பட்டை செருகிய என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கடையநல்லூர் தாண்டியதும், சாலை போடக் குவித்திருந்த ஜல்லி கண்ணில் பட்டது. பாரம் ஏற்றினால் வில் வளையும்! நிறுத்திவிட்டு டிக்கியில் வெறுங்கையால் அள்ளிப் போட்டேன்.

"பிள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டுக் கல்லு அள்ளுதியளே, அண்ணாச்சி, கிறுக்கா?" என்று வயலிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மண்வெட்டியும் கூடையுமாக அவர்களும் அள்ளினார்கள். கார் மெல்ல அமர்ந்தது.

அதன்பிறகு அவள் ஒருமுறைகூடக் கத்தவில்லை. குத்துக்கல்வலசை வந்தபோது, "இப்பத் தூக்கிப் போடல" என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பிள்ளையையும் காப்பாத்தியிருக்கலாம்பா."

கல் அள்ள எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே இரண்டு பட்டையையும் கழற்றி எறிந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள்: "அவியளைக் குத்தம் சொல்லாதிய. கல்லு ஏத்தி, அலுங்காமக் குலுங்காமக் கொண்டாந்தாவ."

நான் பக்கத்திலேயேதான் நின்றேன். டாக்டர் சொன்னதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.