மேடையோரத்துத் தோழர்

இடது தோளை அரை அங்குலம் பின்னுக்கு வாங்கி, முகவாயைச் சற்றே தூக்கினால், சைகையக்கா தோழராகிவிட்டாள் என்று அர்த்தம். கறுப்புச் சட்டையில் மேடையோரம் நின்று, பேசுகிறவரின் பேச்சைக் காது கேளாதவர்களுக்குக் கைகளால் சொல்வது அவள் வேலை. விரலில் மோதிரம் போடமாட்டாள். “மின்னுச்சுன்னா வார்த்தையை மறைச்சிரும்” என்பாள். பேசுகிறவர் இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொன்னால், உடம்பைத் திருப்பி அந்த இன்னொருவராகவே மாறிவிட வேண்டும். கைமொழியின் வழக்கம் அது.

இந்த நாட்டு மேடைகளில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். புரட்சியை முன்னின்று நடத்திய கம்யூனிஸ்ட் தலைவர். எல்லோருக்கும் வெறும் தோழர். செத்து அறுபது வருடமாகியும் மனிதருக்கு ஓய்வில்லை. ஆளுங்கட்சியும் கூப்பிடுகிறது, எதிர்க்கட்சியும் கூப்பிடுகிறது. வங்கிக் கிளை திறக்க வந்த பணக்காரர்கூடச் சிக்கனத்தைப் பற்றித் தோழர் சொன்னதாக ஒன்றை எடுத்துவிட்டார்.

சைகையக்கா வீட்டில் தோழரின் எழுத்தும் பேச்சும் அடங்கிய பதினான்கு தொகுதிகளும் இருக்கின்றன, முதுகு கிழிந்து, காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டு. பேச்சின் நகல் முதல்நாளே கைக்கு வந்தாக வேண்டும். மேற்கோள் ஒவ்வொன்றையும் தேடிப் பார்ப்பாள். இருந்தால் தோள் திரும்பும். இல்லாவிட்டால், தோழர் சொன்னதாக இவர் சொல்கிறார் என்று நேராக நின்றபடியே சொல்லிவிடுவாள். ஒரு சொல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.

முன்வரிசையில் உட்காரும் காது கேளாதவர்களுக்கு இந்தச் சங்கதி அத்துப்படி. அடிக்கடி மேடையேறும் மந்திரிக்கு இன்று எத்தனை மேற்கோள் தேறும் என்று டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். மற்றவர்கள் கைதட்டுகிற இடத்தில் அவர்கள் மட்டும் குலுங்கிச் சிரிப்பது மந்திரிக்கு வெகுநாள் புரியவில்லை. புரிந்ததும் தன் செயலாளரை அனுப்பினார்.

அன்று தோழரின் நினைவு நாள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் செயலாளர் தண்ணீர் பாட்டிலைத் தானே திறந்து கொடுத்தார். மந்திரியின் பேச்சில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். வேலைநிறுத்தம் செய்கிறவன் நாட்டின் எதிரி என்று தோழர் சொன்னாராம். ஊரில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் அது ஒன்பதாவது நாள்.

“ஏம்மா, தோளைக் கொஞ்சம் திருப்பினா சுளுக்கிக்குமா?”

“சுளுக்காது சார். ஆனா வேலைநிறுத்தம் பண்ணித்தானே அவரு ரெண்டு வருஷம் ஜெயில்ல இருந்தாரு? அவர் வாயால இதை எப்படிச் சொல்ல வைக்கிறது?”

இருபத்திரண்டு வருட வேலை, மகளின் கல்லூரிப் படிப்பு என்று செயலாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இன்றைக்குத் திரும்பாவிட்டால் நாளையிலிருந்து மேடைக்கு வேறு ஆள்.

“அவங்களுக்கு என் கை மட்டுந்தான் சார் காது” என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த வரிக்கு வந்ததும் மந்திரி குரலைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். முன்வரிசையில் காது கேளாத ஆலைத் தொழிலாளர்கள் பதினேழு பேர் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைகையக்கா அந்த வரியை ஒரு சொல் விடாமல் சொன்னாள். கை பிசகவில்லை. தோள் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆள்காட்டி விரல் மந்திரியைக் காட்டியது: இவர் சொல்கிறார். பதினேழு பேரும் ஒருவர் பின் ஒருவராக நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கியபோது கீழே செயலாளர் காத்திருந்தார். அவரை முந்திக்கொண்டு தொழிலாளி ஒருவர் வந்து, நாளைக்குச் சங்கக் கூட்டம், கைமொழியில் சொல்ல ஆளில்லை, வருவாயா என்று விரல்களால் கேட்டார். சைகையக்கா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இடது கையால் கழற்றி, பார்க்காமலே செயலாளர் பக்கம் நீட்டினாள். வலது கை தொழிலாளியிடம், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தது.