அம்மாவின் ஒருசந்தி

கழக ஆட்சி வந்த புதிது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வேதக்காரத் தெரு முழுக்கக் கூலிக்காரர்கள். சம்பா அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எல்லோரும் வேலையை நிறுத்தினோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொண்டார். எங்கள் வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

தெருவே இளைத்தபோது அம்மா மட்டும் பருத்தாள். முதலில் முகம், பிறகு கால். அப்பா இல்லாத வீடு. கிடைத்த கஞ்சியை எனக்கும் தங்கைக்கும் ஊற்றிவிட்டு, "நான் அப்பவே குடிச்சிட்டேன்" என்பாள்.

குளத்தங்கரையில் பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "என்னக்கா, உடம்பு பூசினாப்புல இருக்கு? பண்ணை வீட்டுச் சோறு ஒத்துக்குது போல!"

கேலியாகத்தான் தொடங்கியது. சீக்கிரமே அதுவே உண்மையாகிவிட்டது. போராட்டத்தைக் காட்டிக்கொடுத்து, அம்மா மிராசுதார் வீட்டில் நெல் வாங்குகிறாளாம். நாலு பேர் வந்து எங்கள் பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அப்படியானால் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்றார்கள். பசித்தவர்கள் பேசியதை மன்னிக்கலாம் என்பார்கள். என்னால் முடியவில்லை, நாங்களும் பசித்துத்தான் கிடந்தோம்.

விபூதிப் புதனன்று அம்மா, தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்கப்போவதாகக் கோயிலில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பேருக்கு.

"உடம்பு வத்தட்டும். மாதா காட்டிக்குடுப்பா, நான் திருடித் தின்னலன்னு."

உடம்பு வற்றவில்லை. பட்டினி கிடக்கக் கிடக்க ஊதியது. காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க அவள் எழுந்தபோது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், மரியாதைக்காக அல்ல.

குருத்தோலை ஞாயிறன்று பூசையிலேயே விழுந்தாள். சாமியார் வண்டி பிடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தார்.

"இது சதை இல்லம்மா. சோறு இல்லாம உடம்புல நீர் கோத்திருக்கு. பட்டினி வீக்கம்."

அம்மா முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்திருக்க முயன்று அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயா, இத எங்க தெருவுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஈஸ்டருக்குள் அம்மா செத்துப்போனாள். நான் வீடு வீடாகப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சின்னப் பெண், அம்மாவுக்காகப் பேசுகிறாள் என்று தலையைத் தடவினார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில், பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் தோளை மாற்றிக்கொண்டே சொன்னார்:

"தின்ன உடம்புல்ல, கனக்குது."