ஐந்தாவது துளை

பெட்டி தேடுகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சட்டம்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. நகராட்சியில் ஃபிட்டர் வேலை. பூங்கா பெஞ்சு, ஊஞ்சல், பாலத்துக் கைப்பிடி என்று ஊரில் முடுக்கக்கூடிய எதை எடுத்தாலும் அவர் ஸ்பேனர் அதில் ஒருமுறையாவது பட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஜியோகேஷிங். ஒருவர் எங்காவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தை வரைபட எண்களாக இணையத்தில் போடுவார். மற்றவர்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடுவார்கள். போன் பத்துப் பதினைந்து அடி பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மிச்சத்துக்குக் கண் வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு, பாராட்டு ஒரு மண்ணும் கிடையாது. இதற்கென்று வேலை மெனக்கெட்டு அலைகிறவர்கள் ஊரில் ஐம்பது பேர் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? இருந்தார்கள்.

அந்த ஐம்பது பேரையும் ஒழுங்குபடுத்துவது தன் தலையெழுத்து என்று அவர் நினைத்தார். பிளாஸ்டிக் டப்பாவைப் புதரில் எறிந்துவிட்டு 'ஒளித்துவிட்டேன்' என்று எழுதுகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது ஒளிப்பு இல்ல, குப்பை" என்று பக்கம் பக்கமாக எழுதுவார். வழிப்போக்கர் பார்க்க எடுக்காதே. கிடைத்த இடத்தை அடுத்தவனுக்குச் சொல்லாதே. இன்னொருவருக்கு என்று வைத்ததைப் பிரிக்காதே. எல்லாம் அவர் எழுதியதுதான். நல்ல ஒளிப்பு என்றால், கை பட்டாலும் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பார்.

வீட்டம்மா தையல்காரி. வாசல் அறையில் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்தாள். ஞாயிறுகளில் கூடவே போவாள். தேடமாட்டாள், கேலி பண்ணுவாள். "ஏங்க, வீட்டுல மூக்குக்கண்ணாடியக் கண்டுபிடிக்க நான் வேணும், ஊர்ல டப்பா தேட நீங்களா?"

உடம்புக்கு வந்து, சிகிச்சை ஒன்றும் கேட்காது என்று தெரிந்த பிறகு ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

"நானும் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"நீயா? எங்க?"

"ஆத்துப் பாலத்துல. இணையத்துலயும் போட்டாச்சு. அதுக்கு மேல கேக்கக் கூடாது. உங்க சட்டம்தானே? நீங்களே தேடிக் கண்டுபிடிங்க. அதுல உங்களுக்கு ஒண்ணு இருக்கு."

"பெரிய விஷயம். இந்த ஞாயித்துக்கிழமையே எடுத்துடறேன், பாரு."

அந்த ஞாயிறு எடுக்க முடியவில்லை. அடுத்ததிலும் முடியவில்லை. அவள் படுக்கையில் கிடந்தபடி உதட்டைச் சுழித்துச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் போய்விட்டாள்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் அந்த நடைபாலத்துக்குப் போனார். பலகைக்கு அடியில் கையை விட்டார், விளக்குக் கம்பத்தைத் தடவினார், கல்லைப் புரட்டினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துவிட்டு, 'அபாரமான ஒளிப்பு' என்று இணையத்தில் எழுதிவைத்தார்கள். அவருக்கு மானம் போயிற்று. ஆனாலும் யாரையும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும், வீம்பு மட்டும் காரணம் இல்லை. அது கிடைத்துவிட்டால் அவளிடமிருந்து இனி வரவேண்டியது எதுவும் இல்லை. தேடுகிறவரைக்கும் அவள் ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறாள் என்று அவருக்கு ஒரு தெம்பு இருந்தது.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் பதிவுகள் மாறின. 'கிடைக்கவில்லை.' 'நானும் பார்த்தேன், இல்லை.' பிறகு ஒரு புத்திசாலி எழுதினான்: 'பழையது தொலைந்திருக்கும். புதிதாக ஒன்று வைத்து உதவி செய்துவிட்டேன்.' அவர் ஓடினார். பாலத்தின் கடைசிக் கம்பத்துக்குப் பின்னால் ஒரு மாத்திரை டப்பா சொருகியிருந்தது. உள்ளே துண்டுச்சீட்டு, அவன் பெயர்தான் முதல். அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தேடத் துப்பில்லாமல் தன் குப்பையை வைத்துவிட்டு, கண்டுபிடித்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிற ஈனப் பிழைப்பு அது.

அன்று முதல்முறையாக அவர் தன் சட்டத்தைத் தானே மீறினார். அவளுடையதை முதலில் எடுத்தவர் மருந்துக்கடைக்காரம்மா. அவருக்குப் போன் போட்டார். அந்த அம்மா கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, இன்னுமா நீங்க எடுக்கல?" என்று திகைத்தார். "எடுத்திருப்பீங்க, வெளிய சொல்லாம இருக்கீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்."

"எங்கேம்மா இருந்துச்சு?"

அந்த அம்மா கைப்பிடியின் ஏழாவது கம்பத்தடியில் குனிந்தார். தரையோடு கம்பத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில் பளபளவென்று நாலு போல்ட்டுகள். நடுவே ஐந்தாவதாக ஒரு காலித் துளை.

"இதுல ஒரு போல்ட்டு இருந்துச்சு. துருப்பிடிச்சது மாதிரி பெயின்ட் அடிச்சு, உள்ள குடைஞ்சு... லேத் பட்டறையில சொல்லிச் செஞ்சாங்களாம். தலையத் திருகினா உள்ள தாள். யாராலயும் வித்தியாசம் சொல்ல முடியாது."

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மழைக்கு அப்புறம், ஒரு செவ்வாய்க்கிழமை. பாலத்துத் துருப்பிடித்த போல்ட்டுகளை எல்லாம் மாற்றச் சொல்லி உத்தரவு. அவர்தான் உட்கார்ந்து மாற்றினார். ஏழாவது கம்பத்தில் ஒன்று அதிகம். நட்டுகூடப் போடாமல் சும்மா சொருகிக் கிடந்தது. "எவனோ சம்பளத்துக்கு மாரடிச்சவன்" என்று திட்டியபடி, பிடுங்கிப் பழைய இரும்பு மூட்டையில் எறிந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கண்ணுக்கு போல்ட் தெரியவில்லை, வேலைநாள் கண்ணுக்குப் பெட்டி தெரியவில்லை. மூட்டை அந்த மாதமே உருக்கப் போய்விட்டது.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குன்னு ஏதோ இருக்குன்னாளே. என்ன எழுதியிருந்தா? நீ பாத்தியா?"

"ஒரு துண்டுத் தாளச் சுருட்டி, சுத்தி நூலால தைச்சிருந்தாங்கண்ணே. மேல 'அவருக்கு'ன்னு போட்டிருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்."

"பிரிச்சுப் பாக்கலையா?"

"இல்ல."

"மத்தவங்க? முப்பது பேருக்கு மேல எடுத்திருக்காங்களே, ஒருத்தர்கூடவா?"

"ஒரு தையல்கூடப் பிரியலண்ணே. நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம்." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொருத்தருக்குன்னு வெச்சதப் பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

அவர் தலையை ஆட்டினார். "சரியாத்தாம்மா செஞ்சிருக்கீங்க" என்றார். பிறகு தகட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலித் துளையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, ஓவென்று அழுதார்.