மூன்று கேட்ட இடத்தில் நான்கு

பயிற்சிக்கு வந்திருந்த பெண் தன் இரண்டு வருடத்தை முடித்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கிளம்பிப் போனாள். அவள் ஏறிய டாக்ஸி தெருமுனை திரும்புவதற்குள் டைப்பிஸ்ட் அக்கா ஈரத்துணியும் கையுமாக அவள் மேசைக்கு வந்துவிட்டாள். யார் கிளம்பினாலும் இப்படித்தான். இழுப்பறையில் கிடக்கும் மூடியில்லாத பேனாக்களைத் தூக்கிப் போடுவாள், நாற்காலியின் கைப்பிடியைத் துடைப்பாள், உயரத்தைச் சரிசெய்வாள். அன்று மட்டும் ஒரு வேலை கூடுதல். நடையில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து நொடி இருக்கும். பிறகு எழுந்து, உட்கார்ந்த இடத்தையும் ஒருமுறை துடைத்தாள்.

அந்த வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு அது பத்தொன்பதாவது வருடம். வயது நாற்பத்து நான்கு. விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பாள். திரையைக்கூட அதிகம் பார்ப்பதில்லை. எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிமேல் வந்து உட்காரும் புறாக்களைப் பார்த்தபடியே ஒரு விற்பனைப் பத்திரத்தை முடித்துவிடுவாள். அலுவலகத்தின் தலைவரான மூத்த வக்கீலை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். நடுவில் ஒரு வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு அவர் அடுத்ததற்குத் தாவிவிட்டால், சத்தம் காட்டாமல் அதை முடித்து வைப்பாள். "சார் வேகமாப் போறவரு. பின்னாடி விழறதைப் பொறுக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்ல?" என்பாள்.

பத்திர மொழி அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். "மேற்படி பால் பொங்குது பாரு" என்று அடுக்களைக்குள் குரல் கொடுப்பாள். மகளுக்குப் பதினாறு வயது, வாய் துடுக்கு. "யாருடைய தூண்டுதலும் இல்லாம, சுயநினைவோட சொல்றேன், எனக்குப் பசிக்குது" என்று பதில் வரும். பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர் இந்த வழக்குகளில் தலையிடுவதில்லை. இரண்டு தரப்புக்கும் தட்டு எடுத்து வைப்பார்.

அக்கா சட்டம் படித்தவள் என்பது அந்த வீட்டைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாது. மாலை வகுப்பில் ஆறு வருடம். ஒருநாள் ஐந்தே முக்கால் மணிப் பேருந்தை விட்டால் முதல் பாடம் போயிற்று. எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். ஆனால் அது பாதிக் கிணறுதான். தேறிய நாளிலிருந்து நான்கு வருடத்துக்குள் ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகம் அவளைப் பயிற்சிக்கு எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எழுதிய தாள்கள் எல்லாம் செல்லாமல் போகும், மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். மூன்று வருடமாக விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் டாக்ஸி ஏறிய அன்று நான்காவது வருடத்தில் எட்டு மாதம் மிச்சம் இருந்தது.

அந்த வருடம் ஒன்பது அலுவலகங்களுக்கு அனுப்பியிருந்தாள். எதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டாள், கண் பட்டுவிடும் என்பது போல. கண்ணாடிக் கட்டடம், மருந்துக்கடை மாடி, லிஃப்ட் இல்லாதவர் என்று அடையாளம்தான். கண்ணாடிக் கட்டடத்திலிருந்து நாலே நிமிடத்தில் மறுப்பு வந்தது.

"நாலு பக்கம் எழுதியிருந்தேன். நாலு நிமிஷத்துல எப்படிடீ படிச்சான்?"

"மெஷின் படிச்சிருக்கும்மா."

"சரி, அதாவது படிச்சுதே."

மருந்துக்கடை மாடியில் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள். ‘தங்கள் விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்திருக்கிறோம்’ என்று எழுதியிருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஏனென்றால் இதே வரியை அவளே எத்தனையோ பேருக்கு அடித்து அனுப்பியிருக்கிறாள். அவள் வேலை செய்யும் அலுவலகத்தில் கோப்பு என்பது கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஓர் அட்டைப்பெட்டி. அதன்மேல்தான் அவள் குடையைக் காயவைப்பது. அந்த வரியும் நாலைந்து பேருக்குத்தான். மற்றவர்களுக்குப் பதிலே போகாது. அதுதான் அங்கே வழக்கம். பெரும்பாலான அலுவலகங்களில் அதுதான். ஆகவே மற்ற ஏழு இடங்களின் மௌனத்துக்கும் பொருள் என்ன என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் செல்பேசியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வைப்பாள், அடிக்கடி பார்க்கக்கூடாது என்று. அது டிபன் டப்பாவோடு சேர்ந்து கடகடவென்று அதிரும்போதெல்லாம் ஏதோ ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்து பிசகும்.

"உங்க ஆபீஸ்லயே கேட்டா என்ன?" என்று கணவர் ஒருமுறை கேட்டார்.

"கேட்டு, அவர் இல்லைன்னு சொல்லிட்டா? மறுநாள் காலைல எந்த மூஞ்சியோட குட்மார்னிங் சொல்றது?"

காலியான நாற்காலிக்கு நூற்று அறுபது விண்ணப்பங்கள் வந்தன. பெரியவர் மேலே கிடந்த முப்பதை மட்டும் பார்த்து, மதிப்பெண் அதிகம் வாங்கிய ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தார். சேர வேண்டிய நாளுக்குப் பத்து நாள் முன்பு அவன் தொலைபேசியில் கூப்பிட்டு, கண்ணாடிக் கட்டடத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார். "அந்தப் பெட்டியில பாருங்கம்மா. நல்லதா ஒரு மூணு எடுத்துட்டு வாங்க."

அக்கா குடையை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் மதிய இடைவேளை முழுக்க நூற்று அறுபதையும் படித்தாள். வேண்டுமென்றே சுமாரான மூன்றை எடுத்திருக்கலாம். அந்த யோசனை வரவில்லை என்று அவள் சொல்வதில்லை. வந்தது, முதல் நாள் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தது, இரண்டாம் நாள் எழுந்து போய்விட்டது. கடைசியில் அவள் எடுத்த மூன்றும் உண்மையிலேயே நல்லவை.

அவள் பையில் பத்தாவது பிரதி ஒன்று இருந்தது. ஒன்பது அனுப்பியபோது கூடுதலாக எடுத்து வைத்தது. பெரியவர் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன் அதை மூன்றுக்கும் அடியில் வைத்தாள். கதவைத் தட்டிய பிறகு மேலே எடுத்தாள். உள்ளே போவதற்குள் மறுபடி அடியில் போனது.

"சார், மூணு கேட்டீங்க. நாலு இருக்கு."

"ஏன், எண்ணத் தெரியாதா?" என்று சிரித்தபடி வாங்கிப் புரட்டியவர் கடைசித் தாளில் நின்றார். "இது... நீங்களா?"

"ஆமா சார்."

"எப்பப் படிச்சீங்க?"

"சாயங்காலத்துல. ஆறு வருஷம்."

"எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

"அஞ்சரை அடிச்சா ஓடிடறேன்னு ரெண்டு தடவை கத்தினீங்க சார்."

பெரியவர் நான்கு பக்கத்தையும் படித்தார். அவர் எதையும் இறுதிவரை படித்து அவள் பார்த்ததில்லை. படித்து முடித்துவிட்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஒரு கணக்கு உதைப்பதைச் சொல்வது போலச் சொன்னார்: "நீங்க இந்தப் பக்கம் வந்துட்டா டைப் யாரும்மா அடிப்பா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. குற்றவியலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். "தெரியல சார்" என்றாள்.

"பார்ப்போம்."

பெரியவரின் ‘பார்ப்போம்’ பல வகைப்படும் என்பதை அக்கா கட்சிக்காரர்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால் இல்லை என்று பொருள். தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னால், அடியோடு இல்லை. அன்று அவர் இரண்டையும் செய்யவில்லை. நான்கு விண்ணப்பங்களையும் ஒன்றாக அடுக்கி, தாள் பறக்காமல் இருக்க வைக்கும் கண்ணாடிக் குண்டை மேலே வைத்தார். அப்படி ஒரு வகையை அவள் முன்பு கண்டதில்லை.

மூன்று பேரும் நேர்காணலுக்கு வந்தார்கள். நேரம் குறித்ததும், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்ததும் அக்காதான். அதில் ஒரு பெண் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, சார் ரொம்பக் கோபக்காரரா? எப்படிக் கேப்பாரு?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். பிறகு குனிந்து, "கடைசியா, ‘நீங்க ஏதாவது கேக்கணுமா’ன்னு கேப்பாரு. ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது அவருக்குப் பிடிக்காது" என்றாள். அந்தப் பெண் உள்ளே போன பிறகு, தன் தலையில் தானே லேசாக ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர், "அந்த மூணும் சரிவராதும்மா" என்றார். நாலாவதைப் பற்றிப் பேச்சில்லை. வழக்கப்படி மூவருக்கும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். அக்கா மூன்று பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். டம்ளரை உருட்டியவள் அழவில்லை. "சொன்னதுக்குத் தேங்க்ஸ்க்கா. வேற யாருமே சொல்லல" என்றாள்.

அதன்பின் ஆரம்பித்தது விசித்திரமான ஒரு காத்திருப்பு. மற்ற அலுவலகங்களின் பதில் எங்கிருந்தோ வர வேண்டியது. இதுவோ எட்டடி தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. காலையில் குட்மார்னிங் சொன்னாள், அவரும் சொன்னார். கடிதங்களை நீட்டினாள், கையெழுத்துப் போட்டார். நாற்காலி காலியாகவே இருந்தது. வாரம் ஒருமுறை அதைத் துடைத்தாள், உட்காரவில்லை.

"நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"அவர் வக்கீலுங்க. ‘நான் எப்பம்மா மறுத்தேன்’னு திருப்பிக் கேப்பாரு. அதுக்கு என்ன சொல்றது?"

"நீயும் வக்கீல்தானே?"

"இன்னும் இல்ல" என்றாள், காய் நறுக்கியபடி. அவள் குரலில் குறையொன்றும் தெரியவில்லை. மகள்தான் அன்று எழுந்து போய்த் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

நான்காவது வருடம் முடிய இருபத்து மூன்று நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காவிடம் மகள் செல்பேசியோடு ஓடிவந்தாள். "அம்மா, உங்க சார் ஏதோ அனுப்பியிருக்காரு. எனக்கு ஒண்ணும் புரியல. நடுநடுல கமா கமான்னு வருது."

பெரியவர் செல்பேசியிடமும் டைப்பிஸ்டிடம் சொல்வது போலவே சொல்லியிருந்தார். அதுவோ அவர் வாயால் சொன்ன கமாவையும் முற்றுப்புள்ளியையும்கூட அப்படியே எழுத்தாக அடித்துவிட்டிருந்தது. அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள்.

‘டைப்பிஸ்ட் தேவை என்று ஒரு விளம்பரம் தயார் செய்யவும் முற்றுப்புள்ளி ஆள் கிடைக்கத் தாமதமானாலும் கமா அடுத்த வாரம் ஒன்றாம் தேதி முதல் நீங்கள் பயிற்சியில் சேர்கிறீர்கள் முற்றுப்புள்ளி ஒப்பந்தத்தை நானே அடித்துக் கையெழுத்துப் போட்டு உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன் கமா பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும் முற்றுப்புள்ளி’

"நல்ல சேதியாம்மா?" என்றாள் மகள்.

அக்கா வாளியில் மிச்சமிருந்த துணிகளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். மகளின் கணினியைத் திறந்து, விளம்பரத்தை அடிக்க உட்கார்ந்தாள். வேலை, இடம், நேரம் எல்லாம் வழக்கம்போல் பார்க்காமலே ஓடின. அனுபவம் என்ற இடத்தில் விரல்கள் தாமாகவே ‘பத்தொன்பது ஆண்டுகள்’ என்று அடித்திருந்தன. திரையை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, ‘இரண்டு ஆண்டுகள் போதும்’ என்று அடித்தாள்.