நான் கட்டிய மூன்று சிவப்புத் துணி

1. எண்ணிக்கை தப்பிய காலை

நான் கட்டியது மூன்று சிவப்புத் துணி, நான்கு மஞ்சள் துணி. மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் நின்று எண்ணினால் சிவப்பு மட்டும் பத்தொன்பது இருந்தது. மஞ்சளை நான் எண்ணவில்லை. தைரியம் வரவில்லை.

எனக்குப் பின்னால் வேனிலிருந்து பதினான்கு பேர் தூண்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எங்கள் கடையின் வாடிக்கையாளர்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று நம்ம முருகேசன் காட்டுவார் என்று முதலாளி ராஜாங்கம் அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முருகேசன் நான்தான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். இந்தத் தடவை இருபத்தொன்று வந்தது.

2. தண்ணீர் இல்லாத ஆற்றில் என்ன வேலை

மதுரையில் ஒரு தூண்டில் கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். ராட், ரீல், நூல், முள், தக்கை எல்லாம் விற்போம். ஆனால் கடைக்கு ஆள் திரும்பி வருவது சாமானுக்காக இல்லை. எங்கே போட்டால் மீன் விழும் என்று நாங்கள் சொல்வோம், அதற்காகத்தான் வருவார்கள். அந்த இடங்களைத் தேடி வைப்பது என் பொறுப்பு. அதற்கு ஸ்பாட் பார்ப்பது என்று பெயர்.

ஸ்பாட் பார்க்க ஏற்ற காலம் பங்குனி. ஆற்றில் தண்ணீர் நூலாகிவிடும். மற்றவர்கள் ஆற்றைப் பார்த்து உச்சுக் கொட்டும்போது நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடப்பேன். பாறை எங்கே, விழுந்த மரம் எங்கே, பள்ளம் எங்கே என்று அப்போதுதான் தெரியும். தண்ணீர் வந்த பிறகு கெண்டையும் கெளுத்தியும் அந்த இடங்களில்தான் அண்டி நிற்கும்.

இதில் ஆபத்தும் உண்டு. மணல் அள்ளிய குழிகள் சுவர் வெட்டியது போல நேராக இறங்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் ஆளே மூழ்கிப்போவான். அதனால் மீன் நிற்கும் இடத்துக்கு நேராகக் கரையில் உள்ள மரத்தில் மஞ்சள் துணி கட்டுவேன். குழிக்கு நேராகச் சிவப்பு. துணி எங்கே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்குப் பக்கத்தில் ஒரு தையல்காரர், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடை தைப்பார். வெட்டி விழுந்த துண்டுகளை எனக்கு அள்ளிக் கொடுப்பார். எல்லாம் சிவப்பும் மஞ்சளும்தான்.

மதுரைக்காரனாகப் பிறந்தும், ஆற்றங்கரை மரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டினால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். இன்றைக்கு நினைத்தாலும் என் மண்டையில் ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

3. ஆட்டுக்கார அம்மா

கரையில் ஓர் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் யார் கட்டியது என்று கேட்டேன்.

"மொதல்ல யாரு கட்டுனாகன்னு தெரியலப்பா. சாமி வந்து எறங்கிருக்குன்னு ஊர்ல பேசிக்கிட்டாக. நானும் ஒண்ணு கட்டுனேன். மூணே மாசத்துல எம்மகளுக்கு வரன் அமைஞ்சிருச்சு."

நான் கட்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். மரத்தடியில் மூன்று செங்கல் நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம் ஒன்று புதிதாகவே இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நோட்டில் எழுதி வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதியிருந்தேன். 'முதல் சிவப்பிலிருந்து இரண்டு மரம் தள்ளி மஞ்சள்' என்று இருந்தது. எது முதல் சிவப்பு? போனிலும் இடத்தைக் குறித்திருந்தேன். அந்தப் போன் ஆவணி மாதத்தில் இதே ஆற்றில் விழுந்துபோனது. என் துணியை அடையாளம் கண்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் கிடந்து சிவப்பெல்லாம் ஒரே மாதிரி வெளுத்திருந்தது.

ஈயக்குண்டை நூலில் கட்டி, கரையிலிருந்து வீசி ஆழம் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு குழி மாட்டியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் மாட்டியது. மூன்றாவது மாட்டவே இல்லை. ஒரு தடவை குண்டு ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றது. அடுத்த தடவை அதே இடத்தில் வீசியதாக நினைத்தேன், சரசரவென்று இறங்கியது. அதற்கடுத்த தடவை இரண்டடியில் தரை தட்டியது. அப்படியானால் அதுதான் மூன்றாவது குழியா, இல்லை என் கை தடுமாறியதா? குழம்பிப்போய் நூலைச் சுற்றினேன், அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன். வந்தவர்கள் பொறுமையில்லாமல் முள்ளில் மாவு குத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

4. டீச்சர் கேட்ட கேள்வி

வந்தவர்களில் ஒரே பெண் செல்வராணி டீச்சர். ஒத்தக்கடையில் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிய பிறகு தூண்டில் போடப் பழகினார். மடக்கு ஸ்டூலைக் கணுக்கால் தண்ணீரில் போட்டு உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குள் நகர்ந்துகொண்டே போவார். அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் வேறு சரியில்லை.

அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"முருகேசு, நான் எங்கப்பா உக்காரட்டும்? நீ காட்டுற எடத்துலதான் நான் எறங்குவேன்."

எனக்கு முன்னால் மணல்திட்டு ஒன்று, அதைத் தாண்டி அமைதியான தண்ணீர். பார்த்தால் அவருக்காகவே செய்து வைத்த இடம் போல இருந்தது. பங்குனியில் இந்த இடம் எப்படி இருந்தது என்று கண்ணை மூடி யோசித்தேன். மூன்றாவது குழி இங்கேதான் என்று ஒரு மனம் சொன்னது. அது அந்த வளைவுக்கு அப்பால் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டும் அடித்துச் சொன்னது. கண்ணைத் திறந்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

நேராக முதலாளியிடம் போனேன்.

"அண்ணே, எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"குழி எங்க இருக்குன்னு தெரியலண்ணே. யாரையும் எறக்க வேணாம்."

அவர் முகம் சிவந்துபோனது. குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"இருவது வருசத்துக்கு மேல இதத்தானய்யா பாக்குற. இம்புட்டுப் பேரக் கூட்டியாந்து வச்சுக்கிட்டு இப்ப வந்து தெரியலங்குற."

நான் கண்டுபிடித்த இரண்டு குழிகளைத் தவிர்த்து எல்லோரையும் உட்கார வைக்கலாமே என்றார். முடியாது என்றேன். தெரியாத குழி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கடைசியில் முதலாளி பக்கத்து ஊர்க் கண்மாய்க் குத்தகைக்காரருக்குப் போன் போட்டார். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே வேனில் ஏறினார்கள். கண்மாயில் விழுந்தது உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டைதான்.

அதன் பிறகு மூன்று மாதம் முதலாளி என்னை ஸ்பாட் பார்க்க அனுப்பவில்லை. கடைக்குள் உட்கார்ந்து முள்ளை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது.

5. மறுபடியும் பங்குனி

தண்ணீர் வற்றியதும் நானே லீவு போட்டுவிட்டுப் போனேன். மூன்றாவது குழியைக் கண்டுபிடித்து, படமெடுத்து வந்து முதலாளி முன்னால் வைக்க வேண்டும் என்று வைராக்கியம். புதிதாக ஒரு பை நிறையத் துணியும் எடுத்துப் போயிருந்தேன். பழக்கம் போகுமா?

இரண்டு குழிகள் அப்படியே இருந்தன. மூன்றாவது இல்லை. மணல்திட்டு, வளைவு, அதற்கு அப்பால் எல்லா இடத்திலும் கம்பால் குத்திப் பார்த்தேன். எங்கும் கெட்டி மணல். ஐப்பசி வெள்ளம் மணலைக் கொண்டுவந்து மூடியிருந்தால் அன்றைக்கு டீச்சர் ஆபத்தில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். தையில் அணையிலிருந்து விட்ட தண்ணீர் மூடியிருந்தால், நான் பயந்தது சரி. எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில நாள் இப்படி, சில நாள் அப்படி என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். அடையாளத்தைப் பாறையிலோ பாலத்துத் தூணிலோ பெயிண்டில் வை, அதுவும் நீலத்தில். தெரியவில்லை என்றால் உடனே சொல். நான் சொல்வதற்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் யாராவது காலை வைத்திருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

கரையேறும்போது அதே ஆட்டுக்கார அம்மா மரத்தடியில் நின்றார். செங்கல்லைச் சுற்றி இப்போது சின்னதாகச் சிமென்ட் மேடை கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"மார்கழியில வேன்ல வந்த ஆளுதான நீயி? அன்னைக்கு ஒருத்தரயும் ஆத்துல கால வைக்க விடலயே இந்தச் சாமி. ஒம்மேலதான் வந்து எறங்குச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பேச்சு மூச்சில்லாம அப்படியே நின்ன."

அது சாமி இல்லை, நான்தான் ஒன்றும் புரியாமல் நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதில் எந்த இடம் தப்பு என்று யோசித்தேன், பிடிபடவில்லை. அன்றைக்கு ஒருத்தரும் ஆற்றில் கால் வைக்கவில்லை, நான் நின்றதும் அப்படித்தான்.

பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து, கைக்கு எட்டிய கிளையில் கட்டினேன். அது எந்தக் குழிக்கும் அடையாளம் இல்லை.