நான்காவது வீடு

அலன்சன் ஹாட்ச் சாதுவான மனுஷர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எல்லோருமே சாதுதான். இவர் ஏழு நாளும் அப்படி. ஒன்பது வருஷம் எதிர்வீட்டில் இருந்த எனக்குத் தெரியாதா?

எங்களைப் போல மோர்மன் சபையைச் சேர்ந்தவர் என்ற ஒரே குற்றத்துக்காக மிசூரியில் அவருக்கு இரண்டு வீடு போயிற்று, பிறகு நாவூ என்ற ஊரில் ஒன்று. முதல் வீட்டை எரித்தவர்கள் வாசலில் குதிரையை நிறுத்தி, தண்ணீர் கிடைக்குமா என்றுதான் ஆரம்பித்தார்களாம். அவர் மனைவி தர்சா சுரைக்குடுவையில் மொண்டு கொடுத்தாள். குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கூரைக்குக் கொள்ளி வைத்தார்கள். மூன்றாவது வீட்டை விட்டு ஓடியபோது மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், பனியில், கூடாரத்துக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள்தான் இருந்தது.

நான்காவது வீடு இந்த உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில். அதற்குப் பச்சைச் செங்கல் அறுத்தது தர்சாதான். நாலு ஜன்னல் கண்ணாடியை இறகு மெத்தைக்குள் வைத்து ஆயிரம் மைல் வண்டியில் கொண்டுவந்தாள். ஒன்றுகூட உடையவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டாம் வருஷம், எங்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லி வாஷிங்டனிலிருந்து படை அனுப்பினார்கள். எல்லோரும் தெற்கே ப்ரோவோவுக்குப் போக வேண்டும் என்று சபையில் உத்தரவாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் வைக்கோலை நிரப்பிவிட்டு, தெருவுக்கு இரண்டு ஆண்கள் மட்டும் காவல் இருக்க வேண்டும். படை ஊருக்குள் தங்கினால் பிஷப் கொம்பு ஊதுவார், உடனே கொளுத்திவிட வேண்டும். நாம் கட்டியதில் அவன் உட்காரக் கூடாதாம். கேட்க வீராப்பாகத்தான் இருந்தது. தன் வீட்டுக்குள் தானே வைக்கோல் அள்ளிப் போட்டவனுக்கல்லவா தெரியும்.

மற்றவர்கள் கதவையும் ஜன்னலையும் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். தர்சா விடவில்லை.

"கண்ணாடியத் தொடாதீங்க. கழட்டினா திரும்பி வரமாட்டோம்னு ஆயிடும்" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "கொம்பு ஊதாம கை வைக்கக் கூடாது. இதுவும் போச்சுன்னா இன்னொரு வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள்.

"சரி தர்சா" என்றார் ஹாட்ச்.

எங்கள் தெருவுக்கு அவரும் நானும் காவல். படை வருவதற்கு முந்தின நாள், வாய் சும்மா இராமல் அவரைச் சீண்டினேன். "அண்ணே, கொம்பு ஊதினாலும் உங்க கை எழும்பாது பாருங்க. நான்தான் வந்து உங்க வீட்டையும் சேத்துக் கொளுத்தணும்."

அவர் சிரிக்கவில்லை. "நீ வர வேண்டாம் லைமன். இந்தத் தடவை எவனும் வந்து வைக்க வேண்டாம். நானே வச்சுக்கறேன்."

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து படை எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவனும் வரிசையை விட்டு விலகவில்லை. கடைசியாகச் சாமான் வண்டிகள் வந்தன. அதில் ஒரு கோவேறு கழுதைக்காரன் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஹாட்ச் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"உள்ள யாருங்க? கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

எதிர்வீட்டில் இருந்த எனக்கே அந்த முதல் வீடுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கொம்பு ஊதவில்லை. ஆனால் ஜன்னலில் புகை தெரிந்தது. நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் கூரை பிடித்துக்கொண்டது. அந்தக் கழுதைக்காரன்தான் வாய்க்காலுக்கும் வீட்டுக்குமாகப் அரை மணி நேரம் வாளியோடு ஓடினான். தாடியெல்லாம் பொசுங்கிவிட்டது.

"பெரியவரே, ஏன் இப்படிப் பண்ணீங்க? தண்ணிதானே கேட்டேன்" என்றான்.

சாயங்காலத்துக்குள் படை ஆற்றைத் தாண்டி ஊருக்கு வெளியே போய்விட்டது. ஊரில் எரிந்தது அந்த ஒரு வீடுதான்.

ஜூலையில் ஜனங்கள் திரும்பினார்கள். தர்சா வண்டியில் இருந்தபடியே தெருவைப் பார்த்தாள். எல்லா வீடும் நின்றது, தன் வீட்டுச் சுவர் மட்டும் கறுத்து நின்றது.

"படைக்காரனா?"

"இல்ல. நான்தான்."

"கொம்பு ஊதுச்சா?"

"ஊதல தர்சா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தாலாவது அவர் பிழைத்திருப்பார். இரண்டே மாதத்தில் அதே சுவரின் மேல் கூரை போட்டு, தரை பாவி, கதவு மாட்டினார். அவள் முற்றத்தில் நின்ற வண்டியிலேயே படுத்தாள், வெளியிலேயே சமைத்தாள். பனிக்காலம் வந்தது. தினமும் அவர் வாசலில் நின்று, "உள்ள வாம்மா, குளிருது" என்பார்.

"சொன்னது சொன்னதுதான்" என்பாள்.

இரண்டாவது பனிக்காலத்தில் மார்ச்சளி வந்து, வண்டிக்குள்ளேயே போய்விட்டாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. உடம்பைக் கழுவி உடுத்த வேண்டுமே என்று நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தோம். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹாட்ச் அண்ணன் வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"வேண்டாம் லைமன். அவ வரமாட்டேன்னு சொல்லியிருக்கா."

திரும்பவும் வண்டியிலேயே கிடத்தினோம். பெண்கள் கை விறைக்க விறைக்க அவளைக் கழுவினார்கள். அவர்கள் முடிக்கும்வரை, காற்று படாமல், ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் பனியில் நின்றார்.