குளியலறையில் கியாசுதீனின் கிட்டார்

மஸ்கட்டில் லாரி ஓட்டிவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய கியாசுதீன், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃப்யூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சரக்கை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி லாரி ஏற்றிவிடும் வேலை. வயது அறுபதை நெருங்கியிருந்தது. சர்க்கரை இருந்தது, முழங்கால் வலி இருந்தது, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டாரோடு இறங்கினார்.

பழைய கிட்டார். கல்லூரிப் பையன்கள் சிலர் தங்கள் இசைக்குழுவைக் கலைத்துவிட்டு விற்றது. ஆம்ப்ளிஃபயரும் புதிதாக வாங்க அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. மைக் செட் வாடகைக்கு விடும் மாணிக்கவேலிடம் போய்க் கேட்டார். அவர் கடை மூலையில் கிடந்த சின்னப் பெட்டி ஒன்றைத் தட்டிக்கொட்டி ஓடவைத்துக் கொடுத்தார்.

"எந்தப் பாட்டு வாசிக்கப் போறீங்க பாய்?"

"பாட்டு இல்ல. சர்ஃப் கிட்டாருன்னு பேரு. வார்த்தையே கெடையாது. கடல் அலை மேல பலகை வுட்டு சறுக்குறாங்கல்ல, அவங்க ஊருல பொறந்த மியூசிக்கு."

"நம்ம ஊருல மணிமுத்தாறே காஞ்சு கெடக்குது," என்றார் மாணிக்கவேல்.

கியாசுதீனுக்கு அந்த இசை ரோடெல் மூலம் வந்தது. ரோடெல் பிலிப்பைன்ஸ்காரன். மஸ்கட்டில் ஒரே அறையில் பக்கத்துக் கட்டில். வெள்ளிக்கிழமை மதியங்களில் தானே கட்டிய மெட்டு ஒன்றைத் தன் கிட்டாரில் வாசிப்பான். ஒரே கம்பியில் மேலும் கீழும் விடாமல் அடித்துக்கொண்டே மளமளவென்று இறங்குவான். கியாசுதீன் கேட்டதோடு சரி. தொட்டுப் பார்க்கிறாயா என்று அவன் நீட்டியபோதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இப்போது யூடியூபைப் பார்த்துத் தொடங்கினார். விரல் நுனிகள் கன்றிப் போயின. மோதிர விரல் மடங்க மறுத்தது. அதைவிடப் பெரிய குறை, சத்தம் வறண்டு கேட்டது. சர்ஃப் கிட்டாருக்கு அடித்த அடி கிணற்றுக்குள் விழுந்ததுபோல் முழங்க வேண்டும். அதற்கென்று இருக்கும் கருவியின் விலையைப் பார்த்துவிட்டு போனை மூடினார். மறுநாள், சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிய குளியலறையின் தரையைத் துடைத்துக் காயவைத்து, பெட்டியை உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். முழங்கியது.

"ஏங்க, இன்னும் எவ்ளோ நேரம்? வூட்டுக்கு இருக்கறது ஒரு பாத்ரூமு," என்று மனைவி சுல்தானா கதவைத் தட்டினாள்.

"தோ, முடிச்சுட்டேன்."

தினமும் இதுதான் நடந்தது. அவள் சண்டை போடவில்லை, தன் குளியலை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ரோடெலின் மெட்டில் பாதி கைக்கு வந்துவிட்டது. அவனை வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சோப்புப் பெட்டிமேல் சாய்த்துவைத்து வாசித்துக் காட்டினார். ரோடெலுக்குத் தலை நரைத்திருந்தது. தப்பு வந்த இடங்களில் சிரித்தான். சத்தம் கேட்டுச் சுல்தானா வந்து கதவோரம் நின்றாள். அந்த மனிதனை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இதையா அங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"அங்க நீங்க எப்பனா அழுதிருக்கீங்களான்னு அவரைக் கேளுங்க."

"என்ன கேள்வி இது?"

"கேளுங்க. நீங்க போன்ல நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான சொன்னீங்க."

அவள் என்ன சொல்கிறாள் என்று ரோடெல் விசாரித்தான். கியாசுதீன் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டார். ரோடெல் சிரிப்பை நிறுத்திவிட்டு நிதானமாகப் பதில் சொன்னான்.

"என்ன சொல்றாரு?"

"மொத நோன்புப் பெருநாளு அன்னிக்கு அழுதேனாம். சோத்த வெச்சிக்கிட்டு, சாப்பிடாம. இவன்தான் வெளிய கூட்டிட்டுப் போய் கடற்கரையில உக்கார வெச்சான்."

சுல்தானா ரோடெலைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் அசைத்தான்.

மறுநாள் மாலை கியாசுதீன் உள்ளே போனபோது, அவள் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். வாசிப்பதற்கு நடுநடுவே, அங்கே யார் சமைத்தார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் சொன்னார். அன்றைக்கு மெட்டு முன்னேறவே இல்லை.

கடைசி இறக்கம் இன்னும் அவருக்கு வரவில்லை. மோதிர விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.